ஜவானா, அதிகாரியா? ராணுவத்தில் சேர நினைப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"மொதல்ல எப்படியாவது உள்ள போயிடு தம்பி. அப்புறம் பிரமோஷன்ல ஆபீசர் ஆயிடலாம்."

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில், ஓர் ஏப்ரல் மாதக் காலையில், இந்த அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கு அப்போது 18 வயதும் 2 மாதமும் ஆகியிருந்தன. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் எடுத்து நல்ல மதிப்பெண் பெற்றவன். ஓராண்டாக விடிவதற்கு முன்பே பள்ளி மைதானத்துக்குப் போய் ஓடிக்கொண்டிருந்தான், 1.6 கி.மீ. தூரத்தை எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்பதை நாள்வாரியாகக் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தான். அறிவுரை சொன்ன பெரியவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் இரண்டாவது பெரும்பாலும் தவறு. அதை நம்பி முதலாவதைச் செய்தால் சில வாய்ப்புகள் திரும்பி வரா.

"மிலிட்டரிக்குப் போகிறான்" என்ற ஒரே சொற்றொடரில் நாம் இரண்டு வெவ்வேறு வேலைகளை அடக்கிவிடுகிறோம். அந்த இரண்டும் எப்படி வேறுபடுகின்றன, எந்த வாசல் யாருக்கு எத்தனை வயது வரை திறந்திருக்கிறது என்பதை இந்திய ராணுவத்தை வைத்து இங்கே பார்ப்போம். கடற்படையிலும் விமானப்படையிலும் பதவிப் பெயர்கள் மாறும். அடிப்படை அமைப்பு இதுவேதான்.

கொத்தனார், மேஸ்திரி, இன்ஜினியர்

வீடு கட்டும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே செங்கல் அடுக்கிப் பூசும் கொத்தனார் இருக்கிறார். பல ஆண்டுகள் கொத்தனாராக இருந்து, ஆட்களை மேய்க்கவும் சரக்கைக் கணக்கிடவும் தெரிந்துகொண்டு மேலே வந்த மேஸ்திரி இருக்கிறார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டடம் நிற்பதற்கும் விழுவதற்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் இன்ஜினியரும் இருக்கிறார். கொத்தனார் மேஸ்திரி ஆவது இயல்பான வளர்ச்சி. ஆனால் 30 ஆண்டு அனுபவம் இருந்தாலும் மேஸ்திரி தானாக இன்ஜினியர் ஆகிவிடுவதில்லை. அதற்குத் தனிப் படிப்பும் தனித் தேர்வும் வேண்டும். கல்லூரியிலிருந்து நேற்று வந்த இன்ஜினியரோ, கலவையில் தண்ணீர் அதிகமா குறைவா என்பதை அந்த மேஸ்திரியிடம்தான் கற்றுக்கொள்கிறார்.

ராணுவமும் இப்படி மூன்று அடுக்காகவே இருக்கிறது. முதல் அடுக்கில் ஜவான்கள்: சிப்பாயாகச் சேர்ந்து லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று உயர்கிறவர்கள். இரண்டாம் அடுக்கில் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இவர்களைச் சேர்த்து இளநிலை ஆணை அதிகாரிகள் என்பார்கள், ராணுவ வழக்கில் ஜே.சி.ஓ. மூன்றாம் அடுக்கில் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல் என்று ஜெனரல் வரை செல்லும் அதிகாரிகள். ஜவானாகச் சேர்ந்தவர் ஜே.சி.ஓ. ஆவது பதவி உயர்வு. ஜே.சி.ஓ.விலிருந்து லெப்டினன்ட் ஆவது அந்த ஏணியின் அடுத்த படி அல்ல. அது வேறோர் ஏணியின் முதல் படி.

இந்த உவமை ஓரிடத்தில் உடைந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தில் இன்ஜினியர் நிழலில் நிற்க, கொத்தனார் வெயிலில் நிற்கலாம். ராணுவத்தில் அப்படி இல்லை. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் நடந்த மோதலில் உயிர் நீத்து அசோக சக்கரம் பெற்ற முகுந்த் வரதராஜன் ஒரு மேஜர். தன் ஆட்களுக்கு முன்னால் சென்றவர். 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் இறந்த 20 பேரில், ஒரு படைப்பிரிவுக்கே தலைமை தாங்கிய கர்னல் சந்தோஷ் பாபுவும் இருந்தார். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் இருந்தார். அதிகாரி என்றால் பாதுகாப்பான மேசை வேலை என்று எண்ணி அந்த வாசலைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

'கமிஷன்' என்ற சொல்லின் பொருள்

தமிழில் கமிஷன் என்றதும் தரகர் நினைவுக்கு வருவது நம் சந்தைகளின் பழக்கம். ராணுவத்தில் கமிஷன் என்பது குடியரசுத் தலைவர் ஒருவருக்கு எழுத்துப்பூர்வமாக வழங்கும் ஆணை. பிறரை வழிநடத்தும் அதிகாரத்தை அந்த ஆணை தருகிறது. அதைப் பெற்றவரே ஆணை பெற்ற அதிகாரி. ஜவான் அப்படி ஆணை பெறுவதில்லை. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தின்படி அவர் படையில் பதிவு செய்யப்பட்டு உறுதிமொழி எடுக்கிறார்.

இடையிலுள்ள ஜே.சி.ஓ.வுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மன்னரின் ஆணை கிடைத்தது. நீண்ட காலம் சேவை செய்த இந்தியச் சுபேதார்களுக்கு வைசிராயின் ஆணை கிடைத்தது. ஆட்களின் மொழியும் ஊரும் மனமும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால்தான் படை நடக்கும் என்று கண்டுகொண்ட ஏற்பாடு அது. விடுதலைக்குப் பிறகு பெயர் மாறியது. ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. இன்றும் 22 வயது லெப்டினன்ட், தன் தந்தை வயதுள்ள சுபேதாரைச் 'சாஹப்' என்று மரியாதையாகத்தான் அழைக்கிறார்.

தேநீர்க் கடைப் பெரியவரின் நம்பிக்கைக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில், ஜவானாகப் போய்க் கேப்டனாகத் திரும்பிய ஒருவரைக் காட்டுவார்கள். அவர் பெரும்பாலும் கௌரவக் கேப்டனாக இருப்பார். பல்லாண்டு சிறப்பாகப் பணியாற்றிய ஜே.சி.ஓ.க்களில் சிலருக்கு, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, கௌரவ லெப்டினன்ட் அல்லது கௌரவக் கேப்டன் பதவி வழங்கப்படுகிறது. ஒரு வாழ்நாள் உழைப்புக்கு இறுதியில் கிடைக்கும் பெரிய மதிப்பு அது. ஆனால் 23 வயதில் லெப்டினன்டாகித் தொழிலைத் தொடங்குவதும் அதுவும் ஒன்றல்ல.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ராணுவத்தில் மூன்று அடுக்குகள், இரண்டு ஏணிகள். ஜவானின் ஏணி ஜே.சி.ஓ. வரை செல்லும். அதிகாரியின் ஏணி லெப்டினன்டில் தொடங்கும். அதில் ஏற ஆணை வேண்டும்.

ஒரு நாளில் யாருக்கு என்ன வேலை

ஒரு காலாட்படைப் பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர் இருப்பார்கள்; அவர்களில் அதிகாரிகள் 20 பேர் அளவில்தான். இந்த விகிதத்தைப் பார்த்தாலே வேலையின் தன்மை புரிந்துவிடும். ஜவானின் தேர்ச்சி ஒரு கருவியிலோ ஒரு தொழிலிலோ ஆழமாக இறங்குகிறது: இயந்திரத் துப்பாக்கி, வானொலிக் கருவி, டாங்கி, பீரங்கி, வண்டி, சமையல், எழுத்தர் பணி. நல்ல ஹவில்தாருக்குத் தன் துறையில் தெரிந்த அளவு அவருடைய அதிகாரிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதிகாரியின் வேலை முடிவெடுப்பது, எடுத்த முடிவுக்குப் பதில் சொல்வது. சுற்றுக்காவலை எந்த வழியில் அனுப்புவது, மழையில் பாலம் போனால் உணவை எப்படிக் கொண்டுவருவது, தாய் இறந்த செய்தி கிடைத்த சிப்பாயை இன்றிரவே ஊருக்கு அனுப்ப முடியுமா, ஆயுதக் கிடங்கின் கணக்கில் ஒரு குண்டு ஏன் குறைகிறது என்று எல்லாமே அவர் மேசைக்கு வரும். அவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமும் பொறுப்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே கருவியில் நிபுணராகும் நிம்மதி கிடைக்காது. கையால் ஒரு வேலையைச் செவ்வனே செய்து முடிப்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள் பலர் உண்டு. அவர்களை அதிகாரி ஆக்கினால் கோப்புகளுக்கு நடுவில் வாடிப்போவார்கள். 'உடல் பலம் இருந்தால் ஜவான், மூளை இருந்தால் அதிகாரி' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இரண்டும் இரண்டுக்கும் வேண்டும்.

ஜவானின் வாசல்: அக்னிவீர்

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஜவானாகச் சேர்பவர்கள் அக்னிவீர் என்ற பெயரில் 4 ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படுகிறார்கள். அந்த 4 ஆண்டுகள் முடிந்ததும் ஒவ்வொரு தொகுதியிலும் 25 சதவீதம் வரையிலானவர்கள் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் வெளியே வருவார்கள். 'மிலிட்டரி வேலை என்றால் பென்ஷன் உறுதி' என்ற பழைய கணக்கு இந்த வாசலில் இப்போது செல்லாது. 4 ஆண்டு முடித்து வெளியேறுபவருக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

பணக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. முதல் ஆண்டு மாதத் தொகுப்பூதியம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம், அதாவது 9,000 ரூபாய், 'சேவா நிதி' என்ற சேமிப்புக்குப் போய்விடும்; கைக்கு வருவது 21,000. அடுத்த ஆண்டுகளில் தொகுப்பூதியம் 33,000, 36,500, 40,000 என்று உயரும். இப்படி 4 ஆண்டுகளில் பிடிக்கப்படும் தொகை ஏறக்குறைய 5.02 லட்சம். அதே அளவை அரசும் போடுகிறது. ஆக, வட்டி சேர்க்காமல், வெளியே வரும்போது கிடைப்பது சுமார் 10.04 லட்சம். பணிக்காலத்துக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. இடையில் மனம் மாறி, சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறுவது விதிவிலக்கான சூழலில் மட்டுமே முடியும் என்பதையும் கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வு முறை இப்போது இரண்டு கட்டமாக நடக்கிறது. 2023 முதல், கணினி வழியிலான பொது நுழைவுத் தேர்வு முதலில். அதில் தேறியவர்களுக்கு மட்டுமே 'ரேலி' எனப்படும் ஆள்சேர்ப்பு முகாம். 2025 முதல் அந்த எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். முகாமில் 1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், பிறகு மருத்துவப் பரிசோதனை. பொதுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். தொழில்நுட்பப் பணிக்கு அறிவியல் பாடங்களுடன் பிளஸ் டூவோ, ஐ.டி.ஐ. போன்ற தொழிற்படிப்போ வேண்டும். பெண்களுக்கு ராணுவத்தில் ஜவான் நிலையில் திறந்திருப்பது ராணுவக் காவல் படைப் பிரிவு.

அதிகாரியின் வாசல்கள்

இங்கே வாசல் ஒன்றல்ல, பல; அவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலோருக்குப் போதும்.

முதலாவது, பிளஸ் டூ முடித்தவர்களுக்கான தேசியப் பாதுகாப்பு அகாதெமி, சுருக்கமாக என்.டி.ஏ. புணேக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நுழைவுத் தேர்வு நடத்துகிறது. 3 ஆண்டு அங்கே படிப்பும் பயிற்சியும், பிறகு ராணுவத்தைத் தேர்ந்தவர்களுக்கு டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதெமியில் ஓராண்டு. பிளஸ் டூவில் கலைப் பிரிவோ வணிகப் பிரிவோ படித்தவர்களும் ராணுவப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தேர்வில் கணிதத் தாள் உண்டு. 2022 முதல் பெண்களும் அங்கே சேர்க்கப்படுகிறார்கள்.

இரண்டாவது, பட்டதாரிகளுக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு, சுருக்கமாக சி.டி.எஸ். இதன் வழியே டேராடூனுக்கும் போகலாம். நம் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கும் வரலாம். பரங்கிமலை வழிக்குக் கணிதத் தாள் கிடையாது என்பது கலைக் கல்லூரி மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவது, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகளுக்கான சிறப்பு வழி. இதில் எழுத்துத் தேர்வே இல்லை, நேரே நேர்முகத் தேர்வு. பொறியியல் பட்டதாரிகளுக்குத் தனி வழிகளும் உண்டு.

பரங்கிமலையில் பயிற்சி முடித்து வருபவர்கள் குறுகிய காலப் பணி அதிகாரிகள்: 10 ஆண்டு சேவை, விரும்பினால் மேலும் 4 ஆண்டு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாவிட்டால் 14 ஆண்டில் வெளியே வர வேண்டும். அதிகாரிகளுக்கு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 20 ஆண்டு சேவை தேவை என்பதால், அவர்களுக்கும் ஓய்வூதியம் கிடையாது. ஆகவே 'ஜவான் என்றால் தற்காலிகம், அதிகாரி என்றால் நிரந்தரம்' என்பதும் முழு உண்மையல்ல. ஊதியத்தில் மட்டும் வேறுபாடு பெரியது: லெப்டினன்டின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், அதனுடன் படைப்பணி ஊதியமாக 15,500 ரூபாயும் மற்றப் படிகளும் சேரும்.

எஸ்.எஸ்.பி.: ஐந்து நாள் கூர்ந்து பார்ப்பது

எந்த வழியில் வந்தாலும் அதிகாரி ஆக விரும்புகிறவர் தாண்ட வேண்டிய படி, எஸ்.எஸ்.பி. எனப்படும் பணித் தேர்வு வாரியத்தின் 5 நாள் தேர்வு. தென்னிந்தியர்கள் பலர் இதற்குப் பெங்களூருக்குப் போவார்கள். முதல் நாள் வடிகட்டலிலேயே பலர் அன்று மாலை ரயிலில் திரும்பிவிடுவார்கள்.

எஞ்சியவர்களுக்கு எண் எழுதிய மேலங்கி கொடுக்கப்படும். அதன் பிறகு பெயரைவிட அந்த எண்ணே அவர்களின் அடையாளம். ஒரு நாள் மைதானத்தில் எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் ஒரு மரப்பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுக்கப்படும். எதிரே தரையில் ஊன்றிய கம்பங்களும் மேடைகளும். கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, தரையைத் தொடாமல், சிவப்பு வண்ணம் பூசிய பகுதிகளிலும் கால் வைக்காமல், ஒரு சுமையோடு எல்லோரும் போய்ச் சேர வேண்டும். பலகை எப்போதும் ஒரு சாண் குறைவாகத்தான் இருக்கும். தலைவர் யாரும் நியமிக்கப்படவில்லை. மதிப்பிடும் அதிகாரி ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருப்பார். யார் யோசனை சொல்கிறார், சொன்னது பலிக்காதபோது அடுத்தவர் யோசனையை ஏற்கிறாரா, கடைசியில் தடுமாறி நிற்பவருக்குக் கை கொடுக்கிறாரா, வெறும் சத்தம் மட்டும் போடுகிறாரா என்று பார்ப்பார். உளவியல் தேர்வில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. மனத்தில் தோன்றியதை எழுத வேண்டும். மனப்பாடம் செய்த நல்லவனாக அவ்வளவு நேரம் நடிப்பது கடினம்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு உண்மையான தடை ஆங்கிலம். ஆடம்பர ஆங்கிலம் தேவையில்லை; ஆனால் குழுவில் பேச வேண்டும், பிழையோடாவது தயங்காமல் பேச வேண்டும். இதை 'பணக்காரப் பிள்ளைகளுக்கான தேர்வு' என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. பத்தாம் வகுப்பிலிருந்து தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழக்குவதற்கு அவ்வளவு செலவாகாது. எஸ்.எஸ்.பி.யில் தேறாதவர், வயது இருக்கும் வரை மறுபடியும் வரலாம்.

சேர்த்துப் பார்த்தால்: ஜவான் வாசலில் ஓட்டமும் எழுத்துத் தேர்வும் வடிகட்டுகின்றன, அதிகாரி வாசலில் ஓட்டப் பந்தயம் இல்லை, 5 நாள் ஒருவரின் குணம் அளக்கப்படுகிறது. ஒன்றுக்குத் தயாரானவர் மற்றொன்றுக்கும் தயாராகிவிட்டார் என்று கொள்ள முடியாது.

ஓர் ஏணியிலிருந்து மற்றோர் ஏணிக்கு

மாறவே முடியாதா என்றால், முடியும். டேராடூனில் ராணுவ கேடட் கல்லூரி என்ற ஒன்று இருக்கிறது. குறைந்தது 2 ஆண்டு சேவை முடித்த, பிளஸ் டூ படித்த, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட படைவீரர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, அதன் பின் அதே எஸ்.எஸ்.பி.; 3 ஆண்டு அங்கே, ஓராண்டு இந்திய ராணுவ அகாதெமியில். அப்படி வந்த அதிகாரிகள் படையில் தனி மதிப்போடு பார்க்கப்படுகிறார்கள். ஆனால் இதுவும் போட்டித் தேர்வுதான். காத்திருந்தால் வரும் பிரமோஷன் அல்ல.

அக்னிவீராக 18 வயதில் சேர்ந்தவருக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 4 ஆண்டு முடிந்து 22 வயதில் வெளியே வரும்போது கையில் ஒரு பட்டம் இருந்தால் சி.டி.எஸ். எழுதலாம். அக்னிவீர்களுக்கென்றே இக்னோ பல்கலைக்கழகத்தின் 3 ஆண்டுப் பட்டப்படிப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. அதில் பாதி மதிப்பளவு (கிரெடிட்) படைப் பயிற்சிக்கே வழங்கப்படுகிறது. படிப்பைத் தள்ளிப்போடாதவருக்கே இந்த வழி பயன்படும்.

முடிவெடுக்க முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி

தைரியம், தேசப்பற்று, குடும்பச் சூழல் என்று எதை வேண்டுமானாலும் பிறகு பேசலாம். முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள். என்.டி.ஏ.வுக்கு வயது 16½ முதல் 19½ வரை. பலர் இதைப் படித்துவிட்டு, 19½ வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த வயது கணக்கிடப்படுவது விண்ணப்பிக்கும் நாளிலோ தேர்வு நாளிலோ அல்ல, அகாதெமியில் வகுப்பு தொடங்கும் தேதியில். அறிவிக்கை வெளியாவதற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஆகவே நடைமுறையில் ஏறத்தாழ 18 வயது 5 மாதத்தோடு அந்த வாசல் மூடிவிடுகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால், பள்ளியில் இருக்கும்போதே முதல் முயற்சியைச் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். சி.டி.எஸ்.ஸிலும் இதே முறைதான்: டேராடூனுக்கு 19 முதல் 24, பரங்கிமலைக்கு 19 முதல் 25.

தேதிக்குப் பிறகுதான் மற்றக் கேள்விகள். வீட்டுக்கு இந்த ஆண்டே வருமானம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, 4 ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் லெப்டினன்ட் பதவி ஆறுதல் தராது. அவர் அக்னிவீராகப் போவதில் எந்தக் குறையும் இல்லை. அப்படிப் போகிறவர், நிரந்தரமாகத் தேர்வாகாத நான்கில் மூன்று பங்கில் தானும் ஒருவராக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, 22 வயதில் என்ன செய்வது என்பதைச் சேரும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீர்களுக்கு 2022இல் 10 சதவீத ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அவசரம் இல்லாதவர் இரண்டு வாசலையும் தட்டலாம். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்றுக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அந்தத் தேநீர்க் கடைப் பையனுடன் உட்கார்ந்து நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தோம். மே மாத அறிவிக்கை வரும்போது அவனுக்கு 18 வயது 3 மாதம். அடுத்த ஆண்டு ஜூலையில் வகுப்பு தொடங்கும்போது 19 வயது 5 மாதம். இன்னும் ஒரே ஒரு முறை மட்டுமே அவனால் என்.டி.ஏ. எழுத முடியும், இப்படி ஒரு கணக்கு இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அக்னிவீர் தேர்வுக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தான், அதை விடவில்லை. காலை ஓட்டத்தையும் நிறுத்தவில்லை. அவனுடைய கைப்பேசிக் குறிப்பில் 1.6 கி.மீ. நேரத்துக்குக் கீழே ஒரு புதிய வரி மட்டும் சேர்ந்தது: கணிதத் தாள், 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம்.